மஞ்சள் நிஞ்சா, நீல நிஞ்சா

ஒரு மஞ்சள் நிஞ்சா. ஒரு நீல நிஞ்சா. மஞ்சளின் பெயர் ஸ்கார்ப்பியன், நீலத்தின் பெயர் சப்-ஸீரோ. இருவருக்கும் தீராப் பகை. நீலம் மஞ்சளைக் கொன்றாகிவிட்டது. செத்தவன் சும்மா இருக்காமல் நரகத்திலிருந்து பழிவாங்கத் திரும்பி வந்திருக்கிறான். கயிற்றில் கட்டிய ஈட்டியை எதிராளியின் மார்பில் எறிந்து, 'இங்கே வாடா' என்று இழுப்பான். மற்றவன் கையை நீட்டினால் எதிரே இருப்பவன் பனிக்கட்டி.

வேடிக்கை என்னவென்றால், பரம விரோதிகளான இந்த இரண்டு பேரும் ஒரே ஆள். டேனியல் பெசினா என்கிற தற்காப்புக் கலைஞரை வீடியோ எடுத்து, அந்தப் படங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, ஒரு தடவை மஞ்சள் பூசினார்கள், ஒரு தடவை நீலம் பூசினார்கள். பச்சை பூசியதும் ரெப்டைல் என்று மூன்றாவது ஆளும் கிடைத்துவிட்டான். 1992-ல் சிகாகோவின் மிட்வே கம்பெனி வெளியிட்ட 'மார்ட்டல் காம்பட்' விளையாட்டின் ரகசியம் இது. எட் பூன், ஜான் டோபியாஸ் உள்ளிட்ட நாலே பேர்தான் அதன் மூலக்குழு. மெஷினில் இடம் குறைவு, கையில் ஆள் குறைவு. ஒரே உடம்பை மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டார்கள்.

நான் சொல்ல வந்தது விளையாட்டைப் பற்றி அல்ல. அந்த விளையாட்டின் படங்களை உருவியெடுத்து, அதன் கதையை ரசிகர்கள் தாங்களே படமாக்கும் ஒரு வினோதக் கலையைப் பற்றி. ஸ்ப்ரைட் அனிமேஷன் என்பார்கள். 'பையன்கள் சமாச்சாரம், இதற்கெல்லாம் விமரிசனமா?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இதில் கதை என்பது யாருடைய சொத்து என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

முதலில் ஸ்ப்ரைட். பழைய வீடியோ கேமில் ஓர் ஆள் குத்துவிட்டால் அங்கே நடப்பது, தனித்தனியாக வரைந்து வைத்த (அல்லது போட்டோ எடுத்து வைத்த) சில படங்கள் அடுத்தடுத்து வருவதுதான். கை பின்னே, கை நடுவே, கை முன்னே. அந்தச் சின்னப் படங்கள்தான் ஸ்ப்ரைட். ஓர் ஆளுக்குத் தேவையான எல்லாப் படங்களையும் ஒரே தாளில் வரிசையாக அடுக்கினால் அது ஸ்ப்ரைட் ஷீட். ரசிகர்கள் இவற்றை விளையாட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1999-ல் எலெக்பைட் என்ற குழு 'முகென்' என்ற மென்பொருளை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் எந்த விளையாட்டின் ஆளையும் கொண்டுவந்து மோதவிடலாம். பிறகு கேட்கவேண்டுமா? தெரு முழுக்க இலவசப் பொம்மைக் கடை திறந்த மாதிரி ஆயிற்று. ஃப்ளாஷ் என்ற இன்னொரு மென்பொருளைக் கற்றுக்கொண்டவர்கள் இந்தப் பொம்மைகளை நடக்கவிட்டு, பேசவிட்டு, தொடர்களாக்கினார்கள். 1995-ல் டாம் ஃபல்ப் தொடங்கிய நியூகிரவுண்ட்ஸ் இவற்றுக்குப் பெரிய கொட்டகை.

எதற்காக இந்த மெனக்கெடல்? சண்டை விளையாட்டில் கதை ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் சொல்லப்படவில்லை. காசு போட்டு விளையாடும் மெஷினுக்குக் கதை எதிரி. நீங்கள் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவன் எப்போது காசு போடுவது? அதனால் மார்ட்டல் காம்பட்டின் கதை துண்டுதுண்டாகக் கிடந்தது. யாரும் விளையாடாத நேரத்தில் திரையில் ஓடும் நாலு வரி வரலாறு, ஜெயித்தால் கடைசியில் வரும் இன்னும் நாலு வரி. மீதிக் கதையை டோபியாஸ் காமிக்ஸாக வரைந்தார். அதைத் தபாலில்தான் வாங்கவேண்டும். ஆக, மெஷினில் சண்டை, தபாலில் கதை! நடுவில் இருந்த பெரிய பள்ளத்தை ரசிகன் தன் கற்பனையைக் கொட்டி நிரப்பிக்கொண்டான். ஸ்ப்ரைட் தொடர் என்பது அந்த நிரப்பலைக் கண்ணுக்குக் காட்டும் முயற்சி.

இங்கேதான் சிக்கல். சண்டை விளையாட்டின் ஸ்ப்ரைட்டுக்குச் சண்டை மட்டும்தான் தெரியும். நிற்பான், மூச்சு வாங்குவான், குத்துவான், உதைப்பான், எகிறுவான், விழுவான். தோற்றவன் தள்ளாடுவான், வென்றவன் நிமிர்ந்து நிற்பான். அவ்வளவுதான் அவன் அகராதி. அவனுக்கு உட்காரத் தெரியாது. கடிதம் படிக்கத் தெரியாது. குழந்தையைத் தூக்கத் தெரியாது. ஸ்கார்ப்பியனின் குடும்பமே, குலமே அழிந்துபோனது என்பது கதை. அழுவதற்கு ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையே, என்ன செய்வது?

இந்தக் கலையை எடைபோட நான் வைத்திருக்கும் தராசு இதுதான்: இல்லாத படத்தை எப்படிச் சமாளிக்கிறார்? சாமர்த்தியசாலி என்றால், தோற்றவன் தள்ளாடும் அதே படத்தை எடுத்து, எதிராளியை நீக்கிவிட்டு, தனியாக நிறுத்துவார். இப்போது அது தோல்வி அல்ல, துக்கம். படம் அதே, அர்த்தம் வேறு. மூச்சு வாங்கும் படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அவன் யோசிக்கிறான். சாமர்த்தியம் இல்லாதவர் வசனத்தைக் கொட்டுவார். இரண்டு நிஞ்சாக்கள் நின்ற இடத்தில் நின்று, தலைக்கு மேல் எழுத்துக் குமிழி வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தங்கள் பூர்வோத்தரத்தைச் சொல்வார்கள். இதற்குத் தபாலில் வந்த காமிக்ஸே தேவலை.

இந்த வகையில் அதிகம் பேசப்பட்டது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஸீ'. 2006-ல் ஆல்வின் எர்த்வார்ம் என்ற புனைபெயரில் ஒருவர் தொடங்கியது. அடிப்படை சண்டை விளையாட்டு அல்ல. மாரியோவையும் சோனிக்கையும் ஒன்றாகச் சேர்த்து, 'டிராகன் பால் ஸீ' கார்ட்டூனின் பாணியில் மோதவிட்ட கதை. மெக்கா சோனிக் என்கிற இயந்திர வில்லன் ஓர் உலகத்தையே அழித்துவிட்டு ஏழு மரகதங்களைத் தேடி அடுத்த உலகத்துக்கு வருகிறான். இதைக் கேட்டால் சிரிப்பு வரும். பார்த்தால் வராது. உருண்டை மூக்கும் மீசையுமாகக் குதித்து விளையாடிய பொம்மைக்கு முதல் தடவையாக அடிபட்டால் வலிக்கிறது. குத்து விழுவதற்கு முன் அரை நொடி எல்லாம் நின்றுபோகிறது. அந்த அரை நொடியில்தான் இயக்குநர் இருக்கிறார். கேலிக்கூத்து மாதிரி அறிமுகமாகும் ஐந்து வண்ணவீரர்களை மெக்கா சோனிக் தீர்த்துக்கட்டும்போது, நகைச்சுவைக்கென்று வந்தவர்களுக்கும் சாவு உண்டு என்று திடுக்கிடுகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. பலம், அதைவிடப் பலம், அதையும்விடப் பலம் என்று ஏறிக்கொண்டே போகும் வியாதி அதற்கும் உண்டு. எல்லோரும் தங்கநிறமாக மாறி மலையைப் பெயர்க்க ஆரம்பித்தபின் ஒரு சாதாரணக் குத்துக்கு என்ன மரியாதை? மார்ட்டல் காம்பட்டை வைத்துச் செய்யும் ரசிகர்களுக்கு இதே வியாதி ரத்தத்தின் வடிவில் வருகிறது. முதல் தலை துண்டாகும்போது அதிர்ச்சி, பத்தாவது தலைக்குக் கொட்டாவி. சண்டை முடிந்ததும் யாராவது ஒருவர் கொஞ்சமாவது மாறியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது கதையல்ல, ஸ்கோர் போர்டு.

எட்டு அத்தியாயங்களோடு அந்தத் தொடர் நின்றது. 2012-ல் கைவிடப்பட்டதாக அறிவிப்பு. மறுபடி புதிதாகத் தொடங்க, ரசிகர்களிடம் சந்தா திரட்டும் பேட்ரியான் பக்கம் ஒன்றைத் திறந்தார். 2015 டிசம்பரில் நின்டெண்டோ கம்பெனியின் புகாரில் அது மூடப்பட்டது. 2016-ல் சந்தா இல்லாமலேயே புதிய வடிவத்தின் முதல் அத்தியாயத்தை வெளியிட்டார். சட்டம் யார் பக்கம் என்பதில் சந்தேகமே வேண்டாம். பொம்மை கம்பெனியுடையது. அடுத்தவன் பொம்மையைக் காட்டி உண்டியல் குலுக்கினால் சொந்தக்காரன் கேட்கத்தான் செய்வான்.

ஆனால், உருவத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதே அத்தனை எளிதல்ல. அந்த மூன்று நிஞ்சாக்களுக்கும் உடம்பு கொடுத்த பெசினாவே மிட்வே மீது வழக்குப் போட்டார். வீட்டில் விளையாடும் வடிவங்களில் தன் உருவத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்று. 1996-ல் சிகாகோ நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. உடம்பு கொடுத்தவருக்கே உரிமை இல்லை. அந்த மிட்வேயும் 2009-ல் திவாலாகி, மார்ட்டல் காம்பட் வார்னர் கைக்குப் போனது. உடம்பு ஒருவருடையது, வரைந்தவர் வேறு ஒருவர், வழக்கில் வென்றது ஒரு கம்பெனி, இப்போது வைத்திருப்பது இன்னொன்று. இவ்வளவு கை மாறிய பொம்மையைக் கடைசியில் தொட்டவன் மட்டும் திருடனா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இருக்கிற படத்தை வைத்து இல்லாத கதையைச் சொல்வது ரசிகன் கண்டுபிடித்த வித்தையே அல்ல. விளையாட்டை உண்டாக்கியவர்களே அப்படித்தான் கதை பண்ணினார்கள். முதல் பாகத்தில் சப்-ஸீரோ செத்துவிட்டான். 1993-ல் இரண்டாம் பாகத்திலும் நீல நிஞ்சா வேண்டும். என்ன செய்தார்கள்? 'இவன் தம்பி' என்று ஒரு வரி எழுதினார்கள். ஸ்கார்ப்பியன் அவனையும் கொல்லப் போகிறான். ஆனால் அந்த நீலம் ஓர் எதிரியை உயிரோடு விட்டுவிடுவதைப் பார்க்கிறான். இவன் அவனில்லை என்று புரிந்து, பழியை விட்டுவிடுகிறான். அந்த விளையாட்டின் மிக அழகான கணம் இது. பிறந்தது எதனால்? ஒரே நீல உடுப்பை மறுபடி பயன்படுத்தியதால்! அதே பாகத்தில் நிஞ்சாவைக் கறுப்பாக்கி, பூன், டோபியாஸ் என்ற தங்கள் பெயர்களின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'நூப் சைபாட்' என்றார்கள். வெறும் தமாஷ். அந்தக் கறுப்பு நிழல்தான் செத்துப்போன அண்ணன் என்று 2004-ல் வந்த பாகம் சொன்னது. ரசிகனும் இதையேதான் செய்கிறான். அவனுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2011-ல் கம்பெனியே முதல் மூன்று பாகங்களின் கதையைத் திரும்பச் சொன்னது. முழுநீளச் சினிமா மாதிரி. ஸ்கார்ப்பியனுக்குத் தனிக் குரல், தனி உடை. கொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டும், மந்திரவாதி குவான் சீ காட்டும் காட்சியில் மதியிழந்து அவன் கொன்றுவிடுகிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுவதால், நமக்கு வேலை இல்லை. கொல்கிறவனும் சாகிறவனும் ஒரே உடம்பு என்ற அந்தப் பழைய அபத்தம் தந்த சிலிர்ப்பும் அதில் இல்லை. பழி என்பது தன்னையே குத்திக்கொள்வது என்று யாரும் வசனம் எழுதாமலே, மெஷினில் இடமில்லாத காரணத்தால் சொல்லப்பட்டிருந்தது.

2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. இரவும் பகலும் இழைத்த ஏராளமான தொடர்கள் அப்படியே ஓடாத பெட்டிகளாகியிருக்கும். ரஃபிள் என்ற மென்பொருளை உருவாக்கி, பழைய ஃப்ளாஷ் படங்களை மறுபடி ஓடவைத்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்லர், தன்னார்வலர்கள்.

கடைசியாக எர்மேக் கதை. முதல் மார்ட்டல் காம்பட் மெஷினின் உள்கணக்குப் பக்கத்தில் 'எர்மேக்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. புரோகிராமில் ஏற்படும் பிழைகளை எண்ணிவைக்கும் குறிப்பு, வேறொன்றுமில்லை. பார்த்த பையன்கள், உள்ளே யாரோ ஒரு சிவப்பு நிஞ்சா ஒளிந்திருக்கிறான் என்று முடிவுகட்டினார்கள். வதந்தி பரவியது. அப்படி ஒருவன் இல்லவே இல்லை. 1995-ல் கம்பெனி வேறு வழியில்லாமல் அவனைப் படைத்து உள்ளே விட்டது. பல ஆன்மாக்கள் சேர்ந்து ஓர் உடம்பானவன் என்று அவனுக்குக் கதை. அதனால் அவன் தன்னை ஒருமையில் சொல்வதில்லை. பன்மையில்தான்.

இங்கிலீஷில் அதற்கு ஒரே வார்த்தை. தமிழில் இரண்டு இருக்கிறது. 'நாங்கள்' என்றால் நீங்கள் வெளியே. 'நாம்' என்றால் நீங்களும் உள்ளே. கம்பெனி வக்கீலைக் கேட்டால் 'நாங்கள்' என்பார். ரசிகன் 'நாம்' என்பான். எர்மேக்கை யார் பெற்றார்கள் என்று பார்த்தால், தமிழில் அவன் எந்த வார்த்தையைச் சொல்லவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.