கிருமியெல்லாம் பகையா?

சொல் பிழைபட்டால் அச்சொல்லால் பெறும் அறிவும் பிழைபடும். பள்ளிப் பாடங்களில் வழங்கும் ‘கிருமி’ என்னும் சொல் அத்தகையது. கண்ணுக்குப் புலனாகாத உயிர் யாவும் அதனுள் அடங்கிவிட, ‘கிருமியை அழி’ என்பதொன்றே மாணவர் கொள்ளும் முடிவாகிறது. இம்முடிவு உண்மைக்குப் பொருந்தாது என்பதற்கு உருளைக்கிழங்குப் பயிரே தக்க சான்றாகும்.

கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கி விலையைக் கெடுக்கும் சொறிநோய், ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து மண்வாழ் நுண்ணுயிரால் வருவது. பசுந்தாளை மடக்கி உழுத நிலத்தில் இந்நோய் தணிவதற்கு, அங்குப் பெருகும் பிற நுண்ணுயிர்களே காரணமாகலாம் என 1926இல் கனடாவின் சான்போர்டு கருதினார். மறு ஆண்டில் இங்கிலாந்தின் மில்லார்டும் டெய்லரும், நோய் செய்யும் உயிரோடு அதன் தீங்கற்ற உறவினத்தையும் மண்ணில் சேர்த்துச் சோதித்தனர், சொறி குறைந்தது. எல்லாவற்றையும் அழித்திருந்தால் இத்துணையும் அழிந்திருக்குமன்றோ?

இதனை விளக்கப் புகுவோர் சிலர் மறுகோடிக்குச் சென்று, ‘நல்ல கிருமி தீய கிருமியைக் கொல்லும்’ எனப் போர்க்கதை புனைவர். கொல்வதும் உண்டு. கிழங்கில் கரும்பொருக்கை உண்டாக்கும் ரைசோக்டோனியாப் பூஞ்சையின் இழைகளை, டிரைக்கோடெர்மா என்னும் மற்றொரு பூஞ்சை சுற்றி வளைத்து உண்பதை 1932இல் வெய்ண்ட்லிங் விளக்கினார். ஆயின், வேரோரம் வாழும் சில சூடோமோனாஸ் பாக்டீரியாக்களின் வழி வேறு. அவை இரும்பைப் பற்றும் பொருளைச் சுரந்து, பகையுயிர்க்கு அவ்விரும்பு கிட்டாமற் செய்கின்றன. கலிபோர்னிய ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட உண்மை இது. இது வாட்போரன்று; பந்திக்கு முந்துவது.

போர்க்கதை வரம்பையும் மறைத்துவிடுகிறது. தூய்மையாக்கிய சோதனை மண்ணில் வென்ற உயிர், வயல்மண்ணில் முன்னரே குடியிருக்கும் எண்ணற்ற உயிர்களோடு போட்டியிட்டு நிலைக்க வேண்டும், பலமுறை நிலைப்பதில்லை. 1845 முதல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்திற்குக் காரணமான இலைக்கருகல் நோயோ, ஈரமும் குளிர்ச்சியும் கூடிய நாட்களில் காற்றுவழி விரைந்து பரவுவது. மண்ணுயிரை மட்டும் நம்பி அதனைத் தடுத்தல் இயலாது. நோயற்ற விதைக்கிழங்கும், எதிர்ப்பாற்றல் உள்ள இரகமும், காலமறிந்து தெளிக்கும் மருந்தும் இன்றும் வேண்டும்.

ஆதலின் பாடநூல் எழுதுவோர், பொதுப்பெயராக ‘நுண்ணுயிர்’ என்பதையும், தீங்கு செய்வதற்கு மட்டும் ‘நோய்க்கிருமி’ என்பதையும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். கைப்பிடி மண்ணைக் காட்டி, ‘இதில் பகையும் உண்டு, துணையும் உண்டு’ எனக் கூறும் ஆசிரியரே அறிவியலை அறிவியலாகக் கற்பிப்பவர் ஆவார்.