மாற்றாந்தந்தையின் இனிஷியல்

தாம்பரத்திலோ சேலையூரிலோ பள்ளிச் சேர்க்கைப் படிவம் வாங்கினால், பிள்ளையின் பெயரோடு இனிஷியலையும் எழுதச் சொல்வார்கள். மறுமணம் செய்துகொண்ட தாய் பேனாவை நிறுத்துவது அங்கேதான். பெற்றவரின் எழுத்தா, தினமும் வண்டியில் கொண்டுவந்து விடுபவரின் எழுத்தா?

2022 ஜூலை 28 அன்று ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. கணவரை இழந்து மறுமணம் செய்தவர் அந்தத் தாய். புதுக் கணவரை ஆவணங்களில் ‘மாற்றாந்தந்தை’ என்றே குறிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. இது ஏறக்குறையக் கொடுமை, யோசனையற்றது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தந்தை இறந்தபின் தாயே இயற்கைக் காப்பாளர். பெயரைத் தீர்மானிப்பதும் தத்துக் கொடுப்பதும் அவர் உரிமை. நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் தந்தை இறந்துவிட்டார் என்பதில்தான் அது முழுக்க நிற்கிறது.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டு குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகிறவர்களின் வழக்கில் தகப்பன் உயிரோடு இருக்கிறார். இந்துக்களுக்கான 1956 தத்தெடுப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 2010 திருத்தத்துக்குப் பிறகும், தாய் பிள்ளையைப் புதுக் கணவருக்குத் தத்துக் கொடுக்க அந்தத் தகப்பனின் சம்மதத்தைக் கேட்கிறது. துறவு, மதமாற்றம், நீதிமன்றம் அறிவித்த மனநலக் குறைவு என மூன்றுக்குத்தான் விலக்கு. பிள்ளையை விட்டுப் போய், ஜீவனாம்சமும் அனுப்பாதவரின் கையெழுத்துக்கு விலக்கில்லை. பெற்றோர் இருவரும் கைவிட்டால் காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கலாம். ஒருவர் ஓடிப்போய் மற்றவர் வளர்க்கும் வீட்டைச் சட்டம் யோசிக்கவேயில்லை.

11ஆம் பிரிவு இன்னும் விசித்திரம். புதுக் கணவருக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் மனைவியின் மகனைத் தத்தெடுக்க முடியாது. மகளென்றால் அவர் 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் 2022இல் வந்த விதிகள் மாற்றாந்தந்தைக்கு வயதுத் தடையை வைக்கவில்லை. பெற்றவரின் சம்மதத்தை மட்டும் அவையும் கேட்கின்றன.

சம்மதத்தை அடியோடு எடுத்துவிடலாமா? கூடாது. தத்து என்பது பழைய குடும்பத்தோடுள்ள சட்ட உறவையே, தாத்தா பாட்டி உட்பட, அறுத்துவிடும். வாரம் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்க வழக்காடும் தகப்பன்களும் அதே நீதிமன்ற வராந்தாவில்தான் காத்திருக்கிறார்கள். கோபத்தில் எழுதும் ஒரு பத்திரம் அவர்களை இல்லாமல் ஆக்கிவிடக் கூடாது. ஆனால் அந்த நியாயம் ஓடிப்போனவருக்கும் பொருந்தும் என்பதை நான் ஏற்க மாட்டேன். இங்கிலாந்தின் 2002 சட்டத்தில், பிள்ளையின் நலன் கோரினால் பெற்றவர் சம்மதமின்றியே நீதிமன்றம் தத்தை அனுமதிக்கலாம். இருதரப்பையும் கேட்டு முடிவெடுக்கும் அந்த அதிகாரம் நம் குடும்பநல நீதிபதிக்கும் வேண்டும். அதை நாடாளுமன்றம்தான் தர முடியும். தீர்ப்புகளை நீட்டி வாசித்து அங்கே போய்ச் சேர முடியாது.

அதுவரை மாற்றாந்தந்தைகள் உயில் எழுதி வைப்பது நல்லது. தத்தெடுக்கப்படாத மனைவியின் பிள்ளை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அவருக்கு வாரிசு இல்லை, இனிஷியல் அவருடையதாகவே இருந்தாலும்.