கோச்சின் பிடி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மல்யுத்தக் கோச் என்பவர் பெரும்பாலும் பகலில் வரலாறோ உடற்கல்வியோ நடத்தும் ஆசிரியர். மாலையில் அதே பிள்ளைகளில் சிலர் முழுக்க அவர் வசம். குளிர்காலம் முடியும்வரை என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எந்த எடைப் பிரிவில் இறங்குவது எல்லாமே அவர் வாக்குத்தான். பதின்வயதுப் பையனிடம் பெற்றோருக்குக்கூட இவ்வளவு பணிவு கிடைப்பதில்லை. இந்த முறையை எடைபோட வேண்டுமானால் அந்தப் பணிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது என்ன செய்யும் என்பதை அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் பார்க்கலாம். அங்குள்ள வெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் 1950 முதல் 1977 வரை கோச்சாக இருந்த பாப் சிடென்ஸின் அணிகள் 11 முறை மாநிலப் பட்டம் வென்றன. 1964இல் அவரிடம் வந்து சேர்ந்த டான் கேபிள், அதே ஆண்டில்தான் தன் அக்காவைக் கொலைக்குப் பறிகொடுத்திருந்தார். வயது 15. பள்ளியை விட்டுப் போகும்வரை 64 பந்தயங்களில் ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளி எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வாங்கினார். பட்டங்களைவிட, ஒரே பள்ளியில் சிடென்ஸ் கழித்த 27 ஆண்டுகளே பெரிதாகப் படுகின்றன. வீடு உடைந்துபோன பையனை அடையாளம் காண அப்படிப்பட்ட நீண்ட பழக்கம் வேண்டும்.

எடை விஷயத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. இரு பள்ளிகள் மோதும்போது ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஓர் ஆள் வேண்டும். ஒரு பிரிவு காலியானால் எதிரணிக்கு 6 புள்ளிகள் சும்மா போகும். ஆகவே சற்றுக் கனத்த பையனைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்க முடியுமா என்றுதான் கோச்சின் கணக்கு ஓடும். ரப்பர் உடுப்பு, சூடேற்றிய அறை, தண்ணீரைத் தொடாமல் இருப்பது, எச்சிலைக்கூடத் துப்பித் தீர்ப்பது: இவையெல்லாம் தலைமுறைகளாக மன உறுதிக்கு அத்தாட்சியாக எண்ணப்பட்டன.

1997 நவம்பர், டிசம்பரில் ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது இறந்தார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் ரப்பர் உடுப்பையும் நீராவி அறையையும் உடனே தடை செய்தது. விஸ்கான்சின் மாநிலப் பள்ளிகளில் குறைந்தபட்ச எடை வரம்பு அதற்கு முன்பே இருந்தது; ஆனால் நாடு முழுமைக்குமான பள்ளி விதி வர 2006 ஆகிவிட்டது. சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் போதுமா என்று பார்க்க வேண்டும். பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கொழுப்பாவது இருக்க வேண்டும். வாரத்துக்கு 1.5 சதவீத எடைக்கு மேல் குறைக்கக் கூடாது. பருவம் தொடங்கியதும் பழைய வித்தைகளுக்குத் திரும்பும் பையன்கள் இன்றும் உண்டு. இருந்தாலும் ஒன்று நடந்தது: எதுவரை இறங்கலாம் என்ற முடிவு கோச்சின் கையை விட்டுப் போனது.

மற்ற விஷயங்களில் கோச்சின் அதிகாரம் அப்படிப் போகவில்லை. டென்னிஸ் ஹாஸ்டர்ட் 1965 முதல் 1981 வரை இல்லினாய் மாநிலத்தின் யார்க்வில் பள்ளியில் ஆசிரியர், மல்யுத்தக் கோச். 1976இல் அவருடைய அணி மாநிலப் பட்டம் வென்றது. பின்னாளில் 1999 முதல் 2007 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். ஒருவருக்கு ரகசியமாகக் கொடுத்துவந்த பணத்தைச் சட்டத்தை ஏய்த்து வங்கியிலிருந்து எடுத்ததற்காக 2016இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். தன்னிடம் பயின்ற சிறுவர்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியதை அந்த நீதிமன்றத்தில்தான் ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு எப்போதோ கடந்திருந்தது. குளியலறை தெரியும்படி நாற்காலி போட்டு உட்காருவார், பையன்கள் சண்டையிடாமல் பார்த்துக்கொள்ள என்பார் என்கிறது அரசுத் தரப்பு ஆவணம். பட்டம் வாங்கித் தரும் கோச்சை யார் கேட்பது?

அவர் ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம்தான். பெரும்பாலான கோச்சுகள் நேர்மையானவர்கள். ஆனால் சிடென்ஸுக்கும் ஹாஸ்டர்டுக்கும் பள்ளி கொடுத்த அதிகாரம் ஒன்றே. இருவரையும் பிரித்தறியும் ஏற்பாடு எதுவும் பள்ளியிடம் இல்லை. தேசிய மல்யுத்தப் புகழ் மன்றம் 2016இல் ஹாஸ்டர்டின் கௌரவங்களைப் பறித்தது. இல்லினாய் 2017இல் சிறார் பாலியல் குற்றங்களுக்கான காலவரம்பை நீக்கியது. இரண்டுமே எல்லாம் நடந்து முடிந்தபின் வந்தவை. எடை விதியோ பருவத்தின் வாசலிலேயே நிற்கிறது. மற்றவர் பார்வைக்கு எட்டாத இடத்தில் பயிற்சியாளர் சிறாருடன் தனித்திருக்கக் கூடாது என்ற விதி ஒலிம்பிக் சார்ந்த சங்கங்களில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பள்ளி அணிகள் அந்தச் சங்கங்களின் எல்லைக்குள் வருவதில்லை.