ஹெமிங்வேயின் ஆறும் எங்க ஊர் ஏரியும்

தலித் எழுத்தின் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் பழசானதும் இன்னும் சாகாததும் ஒன்று உண்டு: 'சத்தம் அதிகம்.' வலியை வலி என்றே சொல்லிவிடுகிறார்களாம், ரத்தத்தை ரத்தம் என்றே எழுதிவிடுகிறார்களாம், கலை என்பது மறைத்து வைப்பதில் இருக்கிறதாம். இதைச் சொல்பவர்கள் கையில் தயாராக ஒரு கதை இருக்கும். எர்னஸ்ட் ஹெமிங்வே 1925இல் வெளியிட்ட 'பிக் டூ ஹார்ட்டட் ரிவர்'. போருக்குப் போய் வந்த ஒருவன் மீன் பிடிக்கப் போகிறான், கதை முழுக்கத் தேடினாலும் போரைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது, பாருங்கள் இதுதான் கலை என்பார்கள். எழுத வருகிற நம் பிள்ளைகளுக்குப் பட்டறைகளில் இந்தக் கதையைப் பிரம்பு மாதிரி தூக்கிக் காட்டுகிறார்கள். சாட்சியம் எழுதியவனிடம் 'காயத்தைச் சொல்லாதே, தூண்டிலைச் சொல்' என்கிறார்கள். ஆகவே அந்தக் கதையையே எடுத்துப் போட்டுப் பேசிவிடலாம்.

கதையில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நிக் ஆடம்ஸ் என்கிற இளைஞன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சீனி என்ற ஊரில் ரயிலை விட்டு இறங்குகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது. கரியில் வாழ்ந்து வாழ்ந்து வெட்டுக்கிளிகள்கூடக் கறுத்துவிட்டிருக்கின்றன. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஆற்றோரம் கூடாரம் அடித்து, டப்பாவில் இருந்த பயறையும் ஸ்பகெட்டியையும் ஒன்றாகக் கொட்டிச் சூடாக்கித் தின்று தூங்குகிறான். மறுநாள் ட்ரவுட் மீன் பிடிக்கிறான். பெரிசாக ஒன்று தூண்டிலை அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு கிடைக்கின்றன. ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு சதுப்பு நிலம், அதற்குள் இன்றைக்குப் போகவேண்டாம் என்று திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான்.

நல்ல கதை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையால் வேலை செய்கிறவன் எழுதிய கதை அது. விடியற்காலையில் பனியில் நனைந்த வெட்டுக்கிளி எகிறாது, அப்பொழுதே பிடித்து பாட்டிலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தெரிகிறது. ஈரமில்லாத கையால் மீனைத் தொட்டால் அதன் வழுவழுப்பு போய்விடும் என்று கையை நனைத்துக்கொண்டு தொடுகிறான். புத்தகம் படித்து வருகிற விஷயமா இது? தமிழில் உழைப்பை எழுத வந்த எத்தனையோ முற்போக்கு நாவல்களில் கதாநாயகன் கையில் மண்வெட்டி இருக்கும், அது எத்தனை கனம் என்பது மட்டும் நாவலாசிரியருக்குத் தெரிந்திருக்காது. (ஒருமுறை ஒரு நாவலில் நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து நின்றுகொண்டு நடுவதைப் படித்தேன். இடுப்புவலி இல்லாத புரட்சி.) அந்த வகையில் ஹெமிங்வேயிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆனால் 'சொல்லாமல் சொன்னான்' என்கிறார்களே, அங்கேதான் தகராறு.

ஹெமிங்வே 1918 ஜூலை 8ஆம் தேதி இத்தாலியில் பியாவே ஆற்றுப் பக்கம் ஃபொசால்டாவில் எறிகுண்டு வெடித்துக் காலில் அடிபட்டவர். செஞ்சிலுவைச் சங்க ஆள். பத்தொன்பது வயது முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி. மிலான் நகர ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். இத்தாலி அரசு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. 1919 ஜனவரியில் ஊர் திரும்பியவர், தான் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் நின்று அந்தக் கதையைச் சொன்னார், குண்டுத் துண்டு துளைத்த காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். அதே வருஷம்தான் நண்பர்களோடு சீனி பக்கம் மீன் பிடிக்கப் போனார். எழுதுகிறபோது நண்பர்களை எடுத்துவிட்டு நிக்கைத் தனியாக அனுப்பினார். ஆக, சொல்லாத கதை 1925இல் வருகிறது, சொன்ன பேச்சு 1919இலேயே முடிந்துவிட்டது. கேட்க ஒரு சபை இருந்தது, கைதட்ட ஆள் இருந்தது, பதக்கம் இருந்தது. அதன்பிறகு வந்த மௌனம் இது. சொல்லவே விடப்படாதவர்களிடம் அந்த மௌனத்தைக் கொண்டுவந்து காட்டி 'இதுபோல இரு' என்றால் என்ன அர்த்தம்?

என் தம்பி விஷயத்தை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டட வேலைக்குப் போன இடத்தில் மூணாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். தொடை எலும்பு இரண்டாகப் போய், உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். நாலு மாசம் படுக்கை. விழுந்த கதையை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்று கணக்கெடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிற இடத்தில், போலீஸ்காரரிடம், மேஸ்திரியிடம், தொழிலாளர் துறை அலுவலகத்தில். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி கேட்டார்கள். குடித்திருந்தாயா, கயிறு கட்டவில்லையா, ஆள் பதிவில் உன் பேர் இருக்கிறதா. காயத்தைச் சொல்வது அவனுக்குப் பாணி கிடையாது, மனு.

கோலூன்றி நடக்க ஆரம்பித்தபிறகு ஊருக்குக் கூட்டிவந்தோம். சின்ன வயசில் அவன்தான் எனக்குத் தக்கை கட்டிக் கொடுப்பான், மண்புழு கோர்த்துக் கொடுப்பான். 'ஏரிக்குப் போலாமாக்கா' என்றான். விரால் சாப்பிட்டால் உள்காயம் சீக்கிரம் ஆறும் என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டே இருந்தது. போனோம். உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகவில்லை, மீன் குத்தகை எடுத்தவர் வைத்திருந்த காவல்காரர் கரைமேல் வந்து நின்றார்.

'யார்றா அது, காலனியா?'

'ஆமாண்ணா. கீழ விழுந்துட்டேன்ணா, கால்ல கம்பி வெச்சிருக்கு. சும்மா குந்தினு இருக்கோம்.'

'யாரு மவன்டா நீ?' அப்பா பேரைச் சொன்னான். தாத்தா பேரையும் கேட்டார். அதையும் சொன்னான். அவர் நம்பினாரா தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தார். தம்பி கைலியைத் தொடைவரை தூக்கித் தையலைக் காட்டினான்.

'சரி சரி. ஜிலேபி மாட்டுனா எடுத்துக்கோ. விரால் மாட்டுனா இங்க போட்டுட்டுப் போயிடணும்.'

குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டது கட்லாவும் ரோகுவும். விராலை யாரும் விடவில்லை, அது ஏரியில் தானாகப் பிறந்தது. அன்றைக்கு ஒரு விரால் மாட்டத்தான் மாட்டியது. போட்டுவிட்டு வந்தோம்.

நிக்கிடம் அந்த ஆற்றங்கரையில் யாரும் 'நீ யாரு மவன்' என்று கேட்பதில்லை. அந்தக் கதையின் மௌனம் முழுவதும் இந்த ஒரு வசதியின் மேல் கட்டப்பட்டது. கேட்க ஆளில்லாத இடத்தில் பதில் சொல்லாமல் இருக்கலாம். தண்ணீர் மனசை ஆற்றும் என்று இலக்கியம் சொல்கிறது. தண்ணீருக்கு முன்னால் ஒரு கரை இருக்கிறது, கரைமேல் ஒரு ஆள் நிற்கிறார், அவரைத் தாண்டித்தான் தண்ணீர். இது மிச்சிகனுக்குப் பொருந்தாது, அங்கே ஆறு எல்லோருக்கும் பொது என்று யாராவது சொல்லலாம். அதையும் பார்ப்போம்.

அந்த ஆறு காலியாக இருந்ததா? ஒஜிப்வே, ஒடாவா மக்களின் நிலம் அது. 1836இல் வாஷிங்டனில் போட்ட ஒப்பந்தத்தில் மிச்சிகனின் அந்தப் பகுதி அவர்களிடமிருந்து வாங்கப்பட்டது. பெரிய ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் அந்த ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கவில்லை என்று நீதிபதி நோயல் ஃபாக்ஸ் தீர்ப்புச் சொல்ல 1979 ஆகிவிட்டது. உள்ளே இருக்கிற ஆறுகள், குளங்கள் பற்றிய உடன்பாடு 2007இல்தான் நீதிமன்றத்தில் பதிவானது. இடையில் மிச்சிகன் அரசாங்கம் அவர்கள்மேல் மீன் திருட்டு வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எங்க ஊர்ப் பாஷையில் சொன்னால் அங்கேயும் ஜிலேபி - விரால் விவகாரம்தான்.

இது ஹெமிங்வேக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இதே கதை இருக்கிற 'இன் அவர் டைம்' தொகுப்பிலேயே 'இந்தியன் கேம்ப்' என்று ஒரு கதை. நிக்கின் அப்பா டாக்டர். பிரசவத்தில் இரண்டு நாளாகத் துடிக்கிற ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு மயக்கமருந்து இல்லாமல், மடக்குக் கத்தியால் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார். அவள் அலறல் தன் காதில் விழுவதில்லை, அது முக்கியமில்லை என்று மகனுக்கு விளக்கம் வேறு. மேல்தட்டில் அவள் புருஷன் படுத்திருக்கிறான். மூன்று நாளைக்கு முன்னால் கோடரியால் காலை வெட்டிக்கொண்டவன். எல்லாம் முடிந்து போர்வையை விலக்கிப் பார்த்தால் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்துக் கிடக்கிறான். நிக்குக்கும் காயம், இவனுக்கும் காயம். ஒருவனுக்கு ஆறு, கூடாரம், காப்பி. இன்னொருவனுக்கு மேல்தட்டும் சவரக்கத்தியும். அடுத்த கதையில் டிக் போல்டன் என்கிற கலப்பினத்தவர் மரம் அறுக்க வருகிறார். நிக்கின் அப்பாவைப் பார்த்து இது திருட்டு மரம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார், மரத்தைக் கழுவிக் கம்பெனி முத்திரையையும் காட்டுகிறார். தொகுப்பின் தொடக்கத்தில் இவ்வளவு பேசியவர்கள் கடைசிக் கதையின் ஆற்றங்கரையில் ஒருவர்கூட இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1959இல் எழுதி, அவர் இறந்தபின் 1981இல் வெளியான சிறுகதை பற்றிய கட்டுரை ஒன்றில் ஹெமிங்வேயே சொல்கிறார்: அந்தக் கதையில் போர் இருந்தது, நிறைய இந்தியர்களும் இருந்தார்கள், இரண்டுமே வெளியே தெரியவில்லை என்று. அதாவது தண்ணீருக்கடியில் அவர் அமுக்கி வைத்தவை இரண்டு. 1952இல் ஃபிலிப் யங் எழுதிய புத்தகத்திலிருந்து எத்தனையோ விமர்சகர்கள் முங்கி முங்கிப் போர்க்காயத்தை வெளியே எடுத்தார்கள். இந்தியர்களை எடுக்க முங்கியவர்கள் வெகு சிலர். நம் சிறுபத்திரிகைக்காரர்களும் கரையேறிய காயத்தைத்தான் பார்த்தார்கள். பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்ற அவருடைய 1932ஆம் வருஷத்துக் கோட்பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், மீதி ஏழு பங்கில் யார் யார் கிடக்கிறார்கள் என்று கேட்டதில்லை. எழுதாமல் விட்டதை வாசகன் கண்டுபிடித்துக்கொள்வான் என்பது எல்லோருக்கும் பொருந்துகிற விதி இல்லை. யாரை ஏற்கெனவே தேடிக்கொண்டிருக்கிறானோ அவனைத்தான் வாசகன் கண்டுபிடிக்கிறான்.

நமக்கும் இது புதிசில்லை. எம்.ஏ. வகுப்பில் ஐங்குறுநூற்று மருதத்திணை நடத்தினார்கள். பாணர் வீட்டுப் பெண் வட்டி நிறைய வரால் கொண்டுவந்து கொட்டுகிறாள், மனைக்கிழத்தி பழைய வெண்ணெல்லால் அதே வட்டியை நிரப்பி அனுப்புகிறாள். பாட்டு முடிந்ததும் பேராசிரியர் தலைவன் பரத்தையிடம் போனதையும் தலைவியின் ஊடலையும் முக்கால்மணி நேரம் பேசினார். அந்த வராலை யார் பிடித்தது, எந்தக் குளத்தில், குளம் யாருடையது என்பதெல்லாம் கருப்பொருள் என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. ஈராயிரம் வருஷமாக நாம் பனிப்பாறையின் அடிப்பாகமாகத்தான் இருந்திருக்கிறோம். அங்கே இருந்துகொண்டு மறைத்து எழுது என்றால் எதை மறைப்பது?

சொல்லாமல் விடுகிற கலை நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்றைக்காவது வேண்டியிருக்கும். ஆனால் அதற்கான நேரத்தை முடிவு செய்கிறவர் கரைமேல் நிற்கிற ஆளாக இருக்கக் கூடாது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது இது நாவலா, சுயசரிதையா, வெறும் புலம்பலா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் எனக்குக் காவல்காரர் குரல்தான் கேட்கிறது: யாரு மவ நீ?

கதையின் கடைசியில் நிக் சதுப்பைத் தள்ளிப்போடுகிறான். மீன் பிடிக்க இன்னும் எத்தனையோ நாள் வரும் என்று நினைத்துக்கொள்கிறான். அவனால் அப்படி நினைக்க முடிகிறது. எங்க ஏரியில் பசலி வருஷம் ஜூன் 30இல் முடிகிறது, அதன்பிறகு புதுக் குத்தகைக்காரர், புதுக் காவல்காரர். அதற்குள் சித்திரையிலேயே தண்ணீர் வற்றிவிட்டால் சேற்றில் கிடப்பதை அள்ளிக்கொள்ளக் காலனிக்காரர்களை விடுவார்கள். தம்பி இப்போது சாரம் ஏறுவதில்லை. ஒரு கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. நஷ்டஈட்டு மனுவில் விழுந்த விவரத்தை இன்னொரு தடவை எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.