காகிதப்பூவும் நாகலிங்கமும்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு போவது காகிதப்பூவை. புதுச்சேரியின் அரசு மலர் நாகலிங்கப்பூ. ஒரே ஊருக்கு இந்த இரண்டும் வாய்த்திருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். முதலாவதை எட்ட நின்று கண்ணால் ரசிக்க வேண்டும். இரண்டாவதைக் கிட்டே போய் மூக்கால் ரசிக்க வேண்டும். இரண்டையும் ரசிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஊர் பாதி பிடிபட்ட மாதிரிதான்.

சுய்ப்ரேன் வீதியிலும் துய்மா வீதியிலும் நடந்தால் இரு பக்கமும் மஞ்சள் பூசிய நெடுஞ்சுவர்கள். பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடு தோட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வீதிக்குச் சுவரை மட்டுமே காட்டும். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் வீதிக்கு. துளசியும் பவழமல்லியும் முற்றத்துக்கு. இந்த ஏற்பாட்டில், சுவரேறிக் குதித்து வழிப்போக்கருக்கும் பங்கு தருவது காகிதப்பூக் கொடி ஒன்றுதான். மாலை நாலு மணி வெயில் சாய்வாக விழும்போது அந்த மஞ்சள் சுவரின் மேல் மெஜந்தா நிறம் எரியும். வெள்ளைச் சுவரில் இவ்வளவு எடுப்பாக இருக்காது. செங்கல் சுவரில் மங்கிப் போகும்.

ஒரு கொத்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நிறமாகத் தெரிகிற மூன்றும் இதழ்கள் இல்லை, பூவடிச் செதில்கள். அதாவது நிறம் மாறிய இலைகள். அதனால்தான் வெயிலுக்கு நேராகப் பிடித்தால் இலையில் ஓடுவது போலவே நரம்புகள் வலைபின்னி ஓடுகின்றன. ஒவ்வொரு செதிலின் நடு நரம்பிலும் ஒரு மெல்லிய குழல் ஒட்டியிருக்கும். அதன் வாயில் வெளுத்த சின்ன நட்சத்திரம் விரிந்திருக்கும். பூ அதுதான். வேலியோர மூக்கிரட்டையும் அந்திமந்தாரையும் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். அந்திமந்தாரையில் நாம் இதழ் என்று நினைப்பதும் புல்லி வட்டம்தான். இந்தக் குடும்பத்துக்கே இதழ் கிடையாது.

இலையே பூவாக நிற்கும் அழகுக்கு வேறு உதாரணமும் உண்டு. பிரெஞ்சு விருந்துகளில் வேகவைத்து வைக்கிற ஆர்டிசோக் மொட்டில் ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்பது பூவடிச் செதில்களைத்தான். பறிக்காமல் விட்டால் ஊதா நிறத்தில் பெரிதாக விரியும். ரனன்குலஸ் பூ இதற்கு நேர் எதிர். அடுக்கு வகைகளில் இதழுக்குள் இதழாகச் செறிந்து, நடுவில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. ஆனால் இரண்டும் குளிர் கேட்கிற செடிகள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சியின்போது ரனன்குலஸைத் தொட்டிகளில் பார்க்கலாம். நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் மஞ்சள் பூப்பூக்கும் காட்டு ரனன்குலஸும் உண்டு. புதுவை வெயில் பட்டால் தொட்டி ரனன்குலஸின் இலை காய்ந்து கிழங்கு உறங்கப் போய்விடும். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தாவரவியல் பூங்கா அமைத்தார்கள். ஆனாலும் இந்த ஊர்த் தோட்டங்களில் வேரூன்றியவை அவர்கள் தாய்நாட்டுக் குளிர்காலச் செடிகள் அல்ல. தென்னமெரிக்க வெப்ப நாட்டுச் செடிகள். அவற்றுள் முதன்மையானவை நான் சொல்லும் இந்த இரண்டும்.

இரண்டையும் தாவரவியல் ஏட்டில் பதித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களே. தளபதி பூகேன்வீலின் உலகப் பயணக் கப்பலில் போன தாவரவியலாளர் பிலிபேர் கொமெர்சோன் 1767இல் ரியோ டி ஜெனிரோவில் காகிதப்பூக் கொடியைச் சேகரித்துத் தம் தளபதியின் பெயரை வைத்தார். ஆண் வேடத்தில் அவருக்கு உதவியாளராகப் போன ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணியாகப் போற்றப்படுகிறவர். பிரெஞ்சு கயானாவின் தாவரங்களைப் பற்றித் தாவரவியலாளர் ஒப்லே எழுதிய நூல் 1775இல் வந்தது; நாகலிங்கத்தின் அறிவியல் பெயர் அதிலிருந்து வழங்குவது. இங்கோ, 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பத் தங்கள் கைக்கு வந்தபின் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். ஆக, ரியோவில் கொடியைப் பறித்த காலமும் இங்கே சுவர் எழும்பிய காலமும் ஒன்றுதான். கொடி இந்தச் சுவரில் ஏறியது வெகு காலம் கழித்து.

வளர்ப்பதற்குக் காகிதப்பூவைப் போல எளிதான கொடி இல்லை. முற்றிய குச்சியைப் போத்தாக நட்டாலே போதும். உப்புக்காற்று அதற்கு ஒரு பொருட்டில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையும் முள்ளுமாகத் தழைக்கும். மழை விட்டதும் கவாத்து செய்துவிட்டு, தண்ணீரைக் குறைக்க வேண்டும். இங்கேதான் பலர் கை நீள்கிறது. பாவம் வாடுகிறதே என்று ஊற்றுகிறார்கள், உரமும் வைக்கிறார்கள். கொடி இலையாகவே நின்றுவிடுகிறது. இலை லேசாகத் தொய்கிற அளவு காயவிட்டால்தான் மாசி முதல் சித்திரை வரை நிறம் கொட்டும். வகை கேட்டால் நான் மேரி பாமரைச் சொல்வேன்: ஒரே கொடியில் வெள்ளைக் கொத்தும் மெஜந்தா கொத்தும் கலந்து வரும்.

இத்தனை இருந்தும் நம் வீட்டுப் பெண்கள் இதைப் பூவாகச் சேர்ப்பதில்லை. தலையில் வைப்பதில்லை, சரம் கட்டுவதில்லை. மணம் இல்லையே. தமிழருக்குப் பூ என்றால் முதலில் மணம், பிறகுதான் நிறம். அந்தக் கணக்கில் நாகலிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கக் காகிதப்பூவுக்குத் தகுதி கிடையாது.

நாகலிங்க மரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நெட்டையான, சாதாரண மரம். வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் இலை முழுவதையும் கொட்டிவிட்டுச் சில நாளில் புதுத்தளிர் போர்த்திக்கொள்ளும். கிட்டே போனால்தான் அடிமரத்திலிருந்தே முறுக்கிக்கொண்டு தொங்கும் காம்புகள் தெரியும். பூக்கள் அவற்றில்தான், நம் முகத்துக்கு நேராக. சதைப்பற்றான ஆறு இதழ்கள், உள்ளே செந்நிறம், வெளியே மஞ்சள் ஓடிய வெளுப்பு. நடுவில் மகரந்தத் தாள்கள் வட்டமாகச் சூழ்ந்த ஒரு சின்ன மேடு. ஒரு பக்கத்திலிருந்து வளைந்து வந்து அதன்மேல் கவிகிற படம். லிங்கமும் நாகமும் பக்தர் கண்ணுக்குத் தெரிவது இந்த இடத்தில்தான்.

தாவரவியலார் கண்ணுக்கு அங்கே வேறொரு நுட்பம் தெரிகிறது. பூவில் தேன் கிடையாது. படத்திலுள்ள மகரந்தம் வண்டுக்கு உணவு, அது முளைக்காது. முளைக்கிற மகரந்தம் கீழே வட்டத்தில். கருவண்டு மேலே பார்த்து உண்ணும்போது அதன் முதுகில் கீழ்வட்டத்து மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். ஒரே பூவில் விருந்தும் வேலையும் தனித்தனி இடத்தில்! நான் அறிந்த பூக்களில் இதைவிடத் தேர்ந்த கட்டுமானம் இல்லை.

மணம் இரவிலும் விடியற்காலையிலும்தான் உச்சம். ரோஜாவின் இனிமையும் ஏதோ ஒரு மசாலாக் காரமும் சேர்ந்த கனத்த மணம். ஒரு நாள் பூ அது. காலையில் விரிந்தது மறுநாள் தரையில் கிடக்கும்.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை மலர்களுக்கெல்லாம் பொருள் சொன்னபோது காகிதப்பூவுக்குப் பாதுகாப்பு என்றும் நாகலிங்கத்துக்கு வளமை என்றும் கொடுத்தார். சுவர்மேல் முள்ளோடு படர்வதும், அடிமரம் நிறையப் பூத்துக் காய்ப்பதும் கண்ட எவருக்கும் இந்தப் பெயர்கள் பொருந்தித் தோன்றும்.

வீட்டுக்கு எது என்றால், தயங்காமல் காகிதப்பூ. மொட்டைமாடித் தொட்டியே அதற்குப் போதும். நாகலிங்கத்தின் காய் பீரங்கிக் குண்டு அளவு. பழுக்க ஒரு வருஷத்துக்கு மேலாகும். விழுந்து உடைந்தால் உள்ளிருக்கும் கூழ் காற்றுப்பட்டு நீலம் பாரித்து நாறும். நடைபாதையிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ வைக்கிற மரமில்லை. ஆனால் கோயில் நந்தவனத்திலும் பள்ளிக்கூடத் தோட்டத்தின் ஒதுக்குப்புறத்திலும் ஒன்றாவது இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த பெருமரங்களின் இடம் இந்த ஊரில் எத்தனையோ வெறுமையாகவே இருக்கிறது. அரசு மலர் என்று அறிவித்த ஊர் அந்த இடங்களில் முதலில் நட வேண்டியது நாகலிங்கத்தைத்தான்.

மாசி, பங்குனியில் புதுவைக்கு வருகிறவர்கள் காகிதப்பூவை மாலையில் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை, அது வாரக்கணக்கில் நிற்கும். நாகலிங்கத்துக்குக் காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள்.