மென்திரைகளும் தனியாட்சியும்

ஸ்பெயின் நாட்டில் 1936 முதல் 1939 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் வென்ற பிராங்கோ, 1975 நவம்பரில் மறையுங்காறும் தனியாட்சி செலுத்தினார். அவ்வாட்சியில் வளர்ந்த எழுத்தாளருள் ஒருவர் கார்மென் மார்த்தீன் கைத்தே (1925–2000). அவருடைய ‘எந்த்ரே விசீயோஸ்’ என்னும் புதினம் நதால் பரிசு பெற்று 1958இல் வெளிவந்தது. ‘மென்திரைகளுக்கிடையே’ என்பது அப்பெயரின் பொருள். பெயர் கூறப்படாத நகரொன்றில் வாழும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் கதையே இது. நிகழ்ச்சி குன்றிய நூலென இதனை ஒதுக்குதல் எளிது. ஆயின், அந்நிகழ்ச்சியின்மையே நூலின் பொருள் என்பது நம் கருத்து.

ஆட்சி மகளிர்க்கு விதித்தவற்றை முதற்கண் நோக்குவோம். 1932ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் 1939இல் நீக்கப்பட்டது. பள்ளிகளில் ஆணும் பெண்ணும் ஒருங்கு கற்றல் தடுக்கப்பட்டது. மணந்தாலன்றி, அல்லது துறவு பூண்டாலன்றி, 25 அகவை நிரம்பாத பெண் பெற்றோர் இசைவின்றி இல்லம் விட்டு நீங்குதல் இயலாது. இவ்விதி 1972 வரை நிலைத்தது. மணந்தபின், தொழில் செய்யவும் வங்கியிற் கணக்குத் தொடங்கவும் கணவன் இசைவு வேண்டியிருந்தது. 1975 மே மாதச் சட்டமே அதனை அகற்றியது. 1937 முதல், 17க்கும் 35க்கும் இடைப்பட்ட அகவையினராகிய மணமாகா மகளிர்க்கு ஆறு திங்கட் ‘சமூகப் பணி’ விதிக்கப்பட்டது. பிலார் பிரிமோ தே ரிவேரா தலைமை தாங்கிய ‘மகளிர் பிரிவு’ அதனை நடத்தியது. அப்பணிச் சான்று இல்லார்க்கு அரசு வேலையும் பட்டமும் கிட்டா. சிறுவரையும் இளைஞரையும் திரட்டி ஆட்சியின் கொள்கையிற் பயிற்ற, 1940இல் ‘இளைஞர் முன்னணி’ நிறுவப்பட்டது.

இவ்வாணைகள் புதினத்தின் முன்னரங்கில் நிற்பன அல்ல. அவை இல்லத்தாரின் சொற்களாக உருமாறி வருகின்றன. பதினாறு அகவையினளாகிய நத்தாலியாவின் தோழி ஹெர்த்ரு, தன்னை மணக்கவிருக்கும் ஆன்ஹெல் விரும்பியவாறு படிப்பை விடுகின்றாள். அவளைத் தடுக்க எந்த அரசு ஊழியனும் வரவில்லை. அன்பின் பெயரால் வந்த சொல்லே போதியதாயிற்று. நத்தாலியாவின் தமக்கை ஹூலியா, மத்ரீதில் வாழும் காதலனிடம் செல்லத் தந்தையின் மனத்தோடும் ஊரார் வாயோடும் போராடுகின்றாள். சட்டம் தந்தையை வாயிற்காவலன் ஆக்கியது. ஊர்ப்பேச்சு அக்காவலுக்குத் துணை நின்றது.

அகப்பாடல் பயின்ற நமக்கு இற்செறிப்பும் அலரும் புதியன அல்ல. ஆனால் அவ்வொப்புமையைப் பெயரளவில் நிறுத்துதல் வேண்டும். அகத்துள் அலர், களவு கற்பாக மலரத் துணைபுரிவது. இப்புதினத்திலோ அலர் யாரையும் எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை; அது காவலின் ஒரு கூறாகவே நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாட்டை மறந்து, இஃது எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் உரிய குடும்பக் கட்டுப்பாடு எனக் கொண்டால், அதன் பின்னின்ற ஆட்சி நம் பார்வையினின்று நழுவிவிடும்.

நூலின் கூற்றுமுறையும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. நத்தாலியாவின் நாட்குறிப்பு, வெளியிலிருந்து வரும் ஆசிரியன் பப்லோ கிளைனின் தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று என மூன்று நெறிகள் இதன்கண் உள்ளன. மணப்பேச்சும் விருந்தும் மலிந்த மகளிர் குழு பெரும்பாலும் படர்க்கையிலேயே காட்டப்படுகின்றது. ‘நான்’ எனப் பேசும் உரிமை, மேற்கல்வியை நாடும் சிறுமிக்கும் ஊரின் கட்டுக்கு உட்படாத அயலானுக்குமே வாய்க்கின்றது. தன்மை இடத்தை எய்துதலே இங்கு விடுதலையின் முதற்படி எனலாம். நூல்கள் அச்சேறுமுன் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்ற முறை 1966 வரை நிலவியது. அக்காலத்தில் ஆசிரியர் ஆட்சியைப் பெயர் சுட்டிச் சாடாது, அதன் விளைவை மட்டும் காட்டினார்.

எனினும் இந்நூலின் எல்லையையும் கூறுதல் கடனாகும். மென்திரை தொங்கும் சாளரம் வசதியுள்ளார் வீட்டிற்கே உரியது. 1941இல் மீள அமைந்த ‘மகளிர் காப்பு வாரியம்’, ஒழுக்கம் பிறழ்ந்தவர் என்றும் பிறழக்கூடியவர் என்றும் கருதிய இளம்பெண்களைத் துறவு மகளிர் நடத்திய இல்லங்களில் அடைத்து வைத்தது. அன்னோர் குரல் இதனுள் கேட்பதில்லை. பிராங்கோ மறைந்தபின் வந்த ‘பின்புற அறை’ (1978) என்னும் புதினத்திலும், போருக்குப் பிந்திய காதல் வழக்கங்கள் பற்றிய ஆய்வுநூலிலும் (1987), ஆசிரியர் தாம் முன்னர்க் குறிப்பாற் கூறியவற்றை வெளிப்படையாக எழுதினார். அவற்றோடு சேர்த்து நோக்குங்கால் முதற் புதினத்தின் மௌனம் அச்சத்தால் மட்டும் விளைந்ததன்று என்பது தெளிவாகும். கொடுங்கோன்மை ஆணையாக வாராது அன்பாகவும் வழக்கமாகவும் வருங்கால், அதனைக் காட்டவல்லது அடங்கிய நடையே. ஆட்சியை அதன் ஆணைகளில் மட்டும் தேடும் ஆய்வாளர்க்கு இப்புதினம் கற்பிப்பது இதுவே.