அரையர் ஆடும் ஊரில் ஆண்பிள்ளைகள்

"உங்கட பக்கம் ஆடுறது முழுக்கப் பொம்பிளைப் பிள்ளையள்தானே!" இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து ஸ்ரீரங்கம் கோயில் பார்க்க வந்த ஒருவர் இப்படிச் சொன்னால் திருச்சிக்காரர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். உள்ளூர் பரத வகுப்புகளை எட்டிப் பார்த்தால் மறுக்கவும் முடியாது.

ஆனால் அவர் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல் பத்து உற்சவத்தில் கோயிலின் அர்ஜுன மண்டபத்துக்கு வந்து பார்க்கட்டும். கூம்பு வடிவக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர்கள் உற்சவர் நம்பெருமாள் முன் நிற்பார்கள். திவ்யப் பிரபந்தப் பாசுரத்தைப் பாடுவார்கள். அதற்கே அபிநயம் பிடிப்பார்கள். பிறகு தம்பிரான்படி வியாக்கியானம் சொல்வார்கள். இதுதான் அரையர் சேவை. முத்துக்குறி என்னும் பகுதியில் அரையரே காதலில் வாடும் மகள், கலங்கும் தாய், முத்துகளைப் பார்த்துக் குறி சொல்லும் கட்டுவிச்சி. பெண்ணின் ஏக்கத்தை ஆண் அபிநயிப்பதை இங்கே யாரும் கேலி செய்வதில்லை. அது பெருமாள் கைங்கரியம். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாக வைணவ மரபு சொல்கிறது.

மட்டக்களப்புக் கூத்தின் பெருமையும் சிறியதல்ல. அங்கே கூத்து ஆசானான அண்ணாவியார் ஊர் இளைஞர்களுக்குப் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுப்பார். பழகியவர்களுக்குச் சதங்கை அணி விழா, அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை, கடைசியில் களரியில் அரங்கேற்றம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். அவற்றில் ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். இந்தக் கூத்தைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார். இலங்கைப் பள்ளிகளிலும் நடனம் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குரிய பாடம்.

அந்தக் கூத்தின் வடமோடி வகையின் வேகமும் துள்ளலும் கண்ணைப் பறிக்கும். இருந்தாலும் ஒரு சொல்லைக் கையாலும் கண்ணாலும் விரித்துக்கொண்டே போகும் நுட்பம் அரையர் சேவைக்கே உரியது. இலங்கை முந்துவது வேறோர் இடத்தில்: கூத்துக்களரிக்கு ஊர்ப் பையன்கள் வரலாம், அரையர் சேவையோ தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் உரிமை. அந்த உரிமையில் கைவைக்க வேண்டியதில்லை. பார்க்கும் வாய்ப்பையாவது பையன்களுக்குக் கொடுக்கலாமே!

பல ஆண்டுகளில் அரையாண்டு விடுமுறையும் உற்சவமும் சேர்ந்தே வருகின்றன. ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துப் போகலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, மேடைக்குக் குறைவில்லை. ஆர்வம் முற்றினால் பரதத்தில் பட்டம் படிக்கத் திருச்சியிலேயே கலைக் காவிரி இருக்கிறது. "ஆம்பிளைப் பையனுக்கு எதுக்குச் சலங்கை?" என்று கேட்கும் அப்பாக்களையும் அர்ஜுன மண்டபத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், முத்துக்குறி நாளில்.